கண்ணாடியில் வெளிச்சம்

ஒரீசியா கோவல்சுக் ஒரு சாவு வீட்டில் செய்த காரியத்தை நெஸ்டருக்குச் சொன்னது, கலைக்கூட வாசலில் கோட்டு வாங்கி மாட்டும் பெண். அவளுக்குச் சொன்னது அவளுடைய முடி வெட்டும் பெண். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் சவப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மாதிரிதான் சொன்னாளாம்.

"பெட்டிக்குப் பக்கத்துல செத்தவரோட படம் வெச்சிருக்காங்க. ஒவ்வொருத்தரா வந்து சிலுவை போட்டுட்டுப் போறாங்க. இந்தம்மா வந்தாங்க. பாத்தாங்க. பையிலேருந்து அந்த பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேரா பிடிச்சாங்க. ரெண்டடி பின்னால நகந்தாங்க. 'கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது, இது செல்லாது'ன்னுட்டாங்களாம்."

நெஸ்டர் நம்பவில்லை. அவன் பிறந்த தீவு நகரமான இலோயிலோவில் சாவு வீட்டில் சீட்டாடுவார்கள், பாடுவார்கள், ஒன்பது நாள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் செத்தவர் படத்தில் குற்றம் கண்டுபிடித்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை. அடுத்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் பின்னாலேயே மூன்று மணி நேரம் நடந்த பிறகு நம்பிவிட்டான்.

வினிபெக் நகரத்தில் மக்ரே கலைக்கூடம் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசம். ஒரீசியா அன்று மட்டும்தான் வருவார், அதுவும் முகச்சித்திரக் கண்காட்சி இருந்தால் மட்டும். ஏரிகளையும் காடுகளையும் மாட்டியிருக்கும் மாதங்களில் வாசலிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். "மரத்துக்கு லைசென்ஸ் எதுக்கு" என்பது அவர் வாதம்.

எழுபத்தொரு வயது. குள்ளமான, தோள் அகன்ற உருவம், மூக்குக் கண்ணாடி. வெளியே மைனஸ் இருபத்தேழு இருந்தாலும், உள்ளே வந்ததும் பனிப்பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டு, கையோடு கொண்டுவந்த கறுப்புச் செருப்பை மாட்டிக்கொள்வார். கோட்டுக்கு மரக்கட்டை ஹேங்கர் ஒன்றையும் வீட்டிலிருந்தே எடுத்து வருவார். "எங்ககிட்டயே இருக்கே மேடம்" என்று வாசல் பெண் ஒவ்வொரு முறையும் சொல்வாள். "உங்களுது கம்பி. தோள் சரிஞ்சுடும்" என்று ஒவ்வொரு முறையும் பதில் வரும். பிறகு கைப்பையின் பக்க அறையிலிருந்து அந்த அட்டை வெளியே வரும்.

உள்ளங்கை அளவுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். குறுக்கே இரண்டு கோடுகள். பாஸ்போர்ட் படத்தில் தாடை ஒரு கோட்டிலும் உச்சந்தலை இன்னொரு கோட்டிலும் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக அரசாங்கம் கொடுத்தது. ஒரீசியா ஆறு வருஷம் பாஸ்போர்ட் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேஜையில் இருந்தார். அதற்குப் பின் இருபத்தெட்டு வருஷம் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் படம் எடுத்தார். ஓய்வு பெற்ற அன்று மேஜை, நாற்காலி, சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்தவர், அட்டையை மட்டும் ஒப்படைக்க மறந்துவிட்டார். அவர் வாழ்நாளில் மறந்தது இது ஒன்றுதான்.

சுவரில் இருப்பவர்களோ பாஸ்போர்ட் அளவில் இல்லை. அதனால் அட்டையை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தில் இருப்பவரின் தலை இரண்டு கோட்டுக்குள் அடங்கும்வரை பின்னோக்கி நடப்பார். சின்னப் படத்துக்கு மூன்றடி. முன்மண்டபத்தில் தொங்கும் பழைய ஆளுநரின் தலையே இரண்டு முழம் இருக்கும். அவருக்காக ஒரீசியா மண்டபத்தைத் தாண்டி, நினைவுப் பொருள் கடையைத் தாண்டி, அவசர வழிக் கதவில் முதுகு முட்டும்வரை போக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் இப்படிப் போகும்போது ஒரு ஹாக்கிப் பயிற்சியாளரின் வெண்கலச் சிலையில் இடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலேயே சிலையிடம் மன்னிப்புக் கேட்டார். சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது: திருமதி கோவல்சுக் பின்னோக்கி நடக்கும் நேரத்தில் காவலர் ஒருவர் பின்னால் இருக்க வேண்டும். அந்தக் காவலர் நெஸ்டர் புந்தலான்.

"பின்னால பெஞ்சு, மேடம்."

"எத்தனை அடி?"

"நாலு."

"போதும்." ஒரு கண் மூடியபடியே இருக்கும். "முகம் நல்லாத்தான் இருக்கு, பாவம். தலை சாஞ்சிருக்கு. செல்லாது."

நாலு வருஷத்தில் ஒரீசியா 'செல்லும்' என்று சொன்ன படங்கள் பத்தொன்பது. நெஸ்டர் கணக்கு வைத்திருக்கிறான். ஆளுநர் செல்லவில்லை: "குதிரை எதுக்கு? பின்னால வெறும் சுவர்தான் இருக்கணும்." மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அழகான தாய் செல்லவில்லை: "ஒரு படத்துக்கு ஒரு ஆள். குழந்தைக்குத் தனியா விண்ணப்பம் போடணும்." தன்னைத் தானே வரைந்துகொண்ட ஓவியரைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நான்தான் நான்னு தானே சொல்லிக்கிட்டா எப்படி? யாராவது ஒருத்தர் சாட்சி சொல்ல வேண்டாமா?" ஆனால் போன வருஷம் வந்த ஒரு நவீன ஓவியத்தில் பச்சை முகத்தில் மூன்று கண்கள் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரீசியா வெகுநேரம் யோசித்தார். "நேரா பாக்குது. வாய் மூடியிருக்கு. ரெண்டு காதும் தெரியுது. கண்ணு எத்தனை இருக்கணும்னு விதியில போடலை. செல்லும்."

அவருக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. முதல் அறையின் மூலையில், 'தானியப் பரிசோதகர், 1911' என்று மட்டும் எழுதிய சின்னப் படம். பெயர்கூட இல்லை. சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிறக் கோட்டு, கோதுமையில் கல் கிடக்கிறதா என்று பார்ப்பது போன்ற முகம். ஒவ்வொரு முறையும் அவரிடம் தலையசைத்துவிட்டுத்தான் ஒரீசியா உள்ளே போவார். "இந்தக் கட்டடத்துல ஒழுங்கா உக்காந்திருக்கிறது இவர் ஒருத்தர்தான்."

பின்னோக்கி நடக்கும் கிழவி, அவருக்கு வழி விலக்கிக்கொண்டு சீருடையில் ஒரு ஆள். இதைப் பார்க்கிறவர்கள் கலைக்கூடமே ஏற்பாடு செய்த வழிகாட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை பிராண்டனிலிருந்து பஸ்ஸில் வந்த பதினாலு பேர் மத்தியானம் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினார்கள். கடைசியில் அவர்களும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வருகையாளர் புத்தகத்தில், ஓவியம் புரிவது மாதிரி ஒருவர் பேசியது இதுவே முதல் தடவை என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார்.

இரண்டரை மணிக்கு முன்மண்டப பெஞ்சில் உட்கார்ந்து, மெழுகுத்தாளில் சுற்றிய கசகசா ரொட்டியைப் பிரித்துப் பாதியை நெஸ்டரிடம் நீட்டுவார். "சாப்பிடுங்க. நின்னுக்கிட்டே செத்துடாதீங்க." நெஸ்டர் தூணுக்குப் பின்னால் போய் வாயில் போட்டுக்கொள்வான்.

அவனுக்கு அவரை இந்த நாலு வருஷத்துக்கும் முன்பே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன், இந்த ஊருக்கு வந்த மூன்றாவது வாரம், உரிம அலுவலகத்தில் அவனைப் படம் எடுத்தவர் அவர்தான். இங்கே யாரைப் பார்த்தாலும் சிரிக்க வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் சிரித்தான். "சிரிக்காதீங்க" என்றார். பயந்துவிட்டான். "பயப்படாதீங்க" என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுமனே பார்த்தான். "ஆங். இப்ப நீங்க யாருமே இல்ல. செல்லும்" என்று அமுக்கிவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து அவன் மனைவி, "உயிரோட இருக்கும்போதா எடுத்தாங்க" என்று கேட்டாள். இதையெல்லாம் அவன் ஒரீசியாவிடம் சொன்னதில்லை. சொன்னால் அவர் அட்டையை எடுத்து இன்னொரு தடவை பார்ப்பார் என்ற பயம்தான்.

இந்த ஜனவரி மாதக் கண்காட்சிக்கு 'அண்டை வீட்டு முகங்கள்' என்று பெயர். ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களை வரைந்த நாற்பத்தொரு படங்கள். நிபந்தனை ஒன்றுதான்: படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். திறந்த பத்து நாளுக்குள், அதாவது இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள், சம்மதம் வராத படத்தைத் திங்கட்கிழமை காலையில் கழற்றிவிடுவார்கள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிறு காலை வேலைக்கு வந்ததும், பதிவேடு பார்க்கும் கிறிஸ்டியானா நெஸ்டரைக் கூப்பிட்டு மூன்றாம் அறைக்கு அழைத்துப் போனாள். கடைசிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்ததும் நெஸ்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"இது அந்த அம்மாதான?" என்றாள் கிறிஸ்டியானா.

"அவங்கதான். ஆனா அவங்க இப்படி..."

"வரைஞ்சது அவங்க தங்கச்சி, டாரியா வசிலிக். விதவைகளுக்கான ஓவிய வகுப்புல கத்துக்கிட்டாங்களாம். ரெண்டு பேருக்கும் ஆறு வருஷமா பேச்சு இல்லை. நான் அக்காவுக்கு ரெண்டு தடவை கடுதாசி போட்டேன். மொதல்ல, பென்சில்ல நிரப்பியிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது, படிவத்தை மடிக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ளே என்ன இருந்துதுன்னு படிக்கவே இல்லை."

"தங்கச்சி என்ன சொல்றாங்க?"

"'ரெண்டாம் ஞாயிறு தவறாம வருவா, அப்ப வாங்கிக்கோங்க'ன்னாங்க. அவங்க போடலைன்னா என்ன செய்யறதுன்னு கேட்டேன். 'குப்பையில போட்டுடுங்க, நான் வந்து எடுத்துக்க மாட்டேன். எனக்கு அவளைக் கூப்பிடறதுக்கு இதுக்கு மேல வழி தெரியலை'ன்னாங்க." கிறிஸ்டியானா படிவத்தை மடிக்காமல், ஒரு தடித்த அட்டையில் சொருகி, பேனாவோடு அவன் கையில் வைத்தாள். "அவங்க உங்க பேச்சைத்தான் கேக்கறாங்க, நெஸ்டர்."

கேட்பது பேச்சை அல்ல, அடிக்கணக்கை என்று நெஸ்டர் சொல்ல நினைத்தான்.

வழக்கமாக ஒரு மணிக்கு வருகிறவர் அன்று மூன்றே முக்காலுக்குத்தான் வந்தார். கார் குளிரில் உறைந்துபோய், பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேட்டரிக்குக் கம்பி போட்டுக் கிளப்ப வேண்டியிருந்ததாம். பூட்ஸைக் கழற்றினார். செருப்பை மாட்டினார். ஹேங்கரைக் கொடுத்தார். தானியப் பரிசோதகரிடம் தலையசைத்தார். நெஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மூணாவது அறையிலேருந்து ஆரம்பிக்கலாமா, மேடம்? இன்னிக்கு நேரம் கம்மி."

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு, நெஸ்டர்."

வரிசை என்றால் நாற்பது படங்கள். நெஸ்டர் முன்னாலேயே ஓடிப் பெஞ்சுகளை இழுத்துச் சுவரோரம் போட்டான். அடிக்கணக்கை அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான். பஸ் ஓட்டுநர், தொப்பி, செல்லாது. பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் வீராங்கனை. "கையில துடைப்பம். செல்லாது." நாயோடு ஒரு பல் டாக்டர். ஒரீசியா இந்தப் படத்தில் நின்றுவிட்டார்.

"இவரு பக்கவாட்டுல பாக்கறார். நாய் நேரா பாக்குது."

"செல்லாது தானே, மேடம்?"

"நாய் செல்லும்."

"அடுத்தது தூரத்துலேருந்தே தெரியுது மேடம், பல்லு. விட்டுடலாம்."

"பாக்காம சொல்றது அநியாயம். அந்த ஆள் எத்தனை நேரம் உக்காந்திருப்பார்?"

நாலு முப்பத்தொன்றுக்கு மூன்றாம் அறை வந்தது. கடைசிச் சுவருக்கு எதிரே வந்து நின்றார். பெயர்ச்சீட்டை அவர் முதலில் படிப்பதில்லை. முகம் முதலில், பெயர் பிறகு. மேஜையில் உட்கார்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அட்டையை உயர்த்தி ஒரு கண்ணை மூடினார். ஐந்தடி பின்னால் போனார். நெஸ்டர் படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றான்.

படத்தில் மஞ்சள் நிற அடுக்களைச் சுவருக்கு முன்னால் ஒரு கிழவி தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொள்ள ஒரு கை ஓடி வருகிறது, இன்னும் வந்து சேரவில்லை. பாதி தூரத்தில் நாலு விரல்கள் மட்டும் தெரிந்தன. மூக்குக் கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் கெட்டியாக அப்பிய வெள்ளை.

"தாடை தூக்கியிருக்கு" என்றார் ஒரீசியா. "வாய் திறந்திருக்கு. மேல்பல்லு ஆறு தெரியுது. ஒரு தோள் ஒசரம். கை உள்ளே வந்திருக்கு. பின்னால மஞ்சள். கண்ணாடியில..."

 நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மூடிய கண் திறந்தது. அட்டையைக் கீழே இறக்காமலேயே முன்னால் நடந்து போய்ப் பெயர்ச்சீட்டைப் படித்தார். 'என் அக்கா. டாரியா வசிலிக்.' இரண்டாம் தடவையும் படித்தார்.

"இவ எப்ப வரையக் கத்துக்கிட்டா?"

நெஸ்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். ஓவிய வகுப்பு, திரும்பிப் போன இரண்டு கடுதாசிகள், ஐந்து மணி, குப்பை. கூப்பிட வேறு வழி தெரியவில்லை என்று டாரியா சொன்னதை மட்டும் கடைசியாக, குரலை இறக்கிச் சொன்னான்.

ஒரீசியா படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தங்கச்சி புருஷன் பெட்ரோவோட சாவு வீட்டுக் கதை உங்க காதுக்கு வந்திருக்கும்."

"கொஞ்சம்."

"நான் அட்டையை எடுத்தேன்னு சொல்றாங்களா?"

"ஆமா, மேடம்."

"எடுக்கலை. அது கட்டுக்கதை. வெறும் கண்ணாலயே தெரிஞ்சுது." செருப்பு முனையால் தரையை இரண்டு தடவை தட்டினார். "பெட்டியை மூடிட்டாங்க. படம்தான் வெச்சிருந்தாங்க. கடைசியா அவன் கண்ணை ஒரு தடவை பாக்கலாம்னு போனேன். கண்ணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு வெள்ளை. எனக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. முப்பத்தினாலு வருஷமா வாயில இருந்த வார்த்தை வந்துடுச்சு. பக்கத்துல டாரியா நின்னா. படத்தைப் பொறுக்கி எடுத்ததே அவதான்."

வெளியே அறிவிப்பு மணி ஒலித்தது. இன்னும் இருபது நிமிஷத்தில் மூடிவிடுவோம் என்றது ஒரு குரல். கிறிஸ்டியானா அறை வாசலில் வந்து நின்று மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். நெஸ்டர் படிவத்தை நீட்டினான்.

ஒரீசியா அதை வாங்கி முதலில் ஓரங்களைப் பார்த்தார். மடிப்பு இல்லை. மை. திருப்தியோடு படித்தார். படித்ததும் திருப்தி போய்விட்டது. "'இப்படம் என்னுடைய உண்மைத் தோற்றமே என்று சான்றளித்துச் சம்மதிக்கிறேன்.' இதை யாரு எழுதினது?"

"நான்தான்" என்றாள் கிறிஸ்டியானா. "பாஸ்போர்ட் படிவத்துலேருந்து எடுத்தது."

"பாதிதான் எடுத்திருக்கீங்க. தன் முகத்துக்குத் தானே சான்று கொடுக்க முடியாது. ரெண்டு வருஷமாவது பழக்கமுள்ள ஒருத்தர் படத்துக்குப் பின்னால எழுதிக் கையெழுத்துப் போடணும். போன்ல கூப்பிட்டா கிடைக்கிற ஆளா இருக்கணும்."

"மேடம், இது பாஸ்போர்ட் இல்லை. சும்மா ஒரு கையெழுத்து."

"சும்மா போடறதுக்குப் பேர் கையெழுத்து இல்லை." நெஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை வருஷமா என்னைப் பாக்கறீங்க?"

"நாலு. அதுக்கு முன்னாலயும்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "நாலு."

"நான் சிரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

நெஸ்டர் கிறிஸ்டியானாவைப் பார்த்தான். 'ஆமான்னு சொல்லுங்க' என்று அவள் வாயசைத்தாள். ஒரு பொய்தான், படம் பிழைத்துப்போகும். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன் அவன் முகத்திலிருந்து எல்லாவற்றையும் துடைத்து எடுத்த அதே கண்கள் எதிரே நின்றன.

"இல்லை, மேடம். ஒரு தடவைகூட."

"அப்ப நீங்க போட முடியாது." குரலில் கோபம் இல்லை. நேர்மையான விண்ணப்பதாரரிடம் பேசுகிற குரல். "நான் சிரிச்சுப் பாத்தவங்க யாருன்னு யோசிக்கணும்." நின்றபடியே விரல் மடக்கினார். "எங்கம்மா. போயிட்டாங்க. பெட்ரோ. அவன்தான் சிரிக்க வைப்பான், பாவி, சூப்பு வாயில இருக்கிற நேரமாப் பாத்துச் சொல்லுவான். போயிட்டான்." மூன்றாவது விரலை மடக்கவில்லை.

"வரைஞ்சவங்களே சாட்சி சொல்லலாமா?" என்று நெஸ்டர் மெதுவாகக் கேட்டான்.

ஒரீசியா உண்மையாகவே யோசித்தார். விதிப்புத்தகத்தின் பக்கங்களை அவர் மனசுக்குள் புரட்டுவது கண்ணில் தெரிந்தது. "கூடாதுன்னு எங்கயும் போடலை."

கைப்பையிலிருந்து மடக்குப் போன் வந்தது. எண்ணை அவர் தேடவில்லை. விரல் தானாகவே பத்து இடத்தில் போய் அமுக்கியது. காதில் வைத்துக்கொண்டார்.

"என்ன கேப்பீங்க?" என்றான் நெஸ்டர்.

"இது எப்பன்னு கேக்கணும். நாள் தெரியாம ஒரு படத்தை எப்படி ஏத்துக்கறது?"

மறுமுனையில் மணி அடிப்பது நெஸ்டருக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு.

"பத்து தடவை மணி அடிக்க விட்டுத்தான் எடுப்பா" என்றார் ஒரீசியா. "ஓடி வந்து எடுத்தாள்னு யாரும் நினைச்சுடக் கூடாது, அவளுக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படி." மூன்று. "எடுக்காமயும் இருப்பா."

கிறிஸ்டியானா மணிக்கட்டைத் தொடுவதை விட்டுவிட்டுக் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். நாலாவது மணிக்கு ஒரீசியாவுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. படிவத்தோடு தன் பிளாஸ்டிக் அட்டையையும் நெஸ்டரிடம் நீட்டினார். நாலு வருஷத்தில் அந்த அட்டையை யாரையும் தொடவிட்டதில்லை. பிறகு போய்ப் படத்துக்குப் பக்கத்தில், வெறும் சுவரில் முதுகு படாமல், தோளை நேராக்கி, தாடையைச் சமன் செய்து நின்றார். போன் மட்டும் காதோடு.

"அவ எடுக்கறதுக்குள்ள சரிபாருங்க. ரெண்டும் ஒரே ஆளான்னு."

நெஸ்டர் அட்டையை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னோக்கி நடந்தான். ஒரு அடி. இரண்டு. அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"பின்னால பெஞ்சு" என்றார் ஒரீசியா, உதடு அசையாமல். "மூணடி."

ஆறாவது மணி. தலை கோட்டுக்குள் வந்து அடங்கியது. தாடை சரி. வாய் மூடியிருந்தது. ஒரு காது தெரிந்தது, இன்னொன்றில் போன். படத்துக்காகப் போட்ட விளக்கு மேலேயிருந்து சாய்வாக அவர்மேலும் விழுந்தது. நெஸ்டர் மூடிய கண்ணைத் திறந்தான். மறுபடி மூடினான். சொல்லாமல் விட்டுவிடலாம். பார்த்ததைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

"மேடம்" என்றான். "கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது."

ஏழாவது மணி. ஒரீசியா அசையவில்லை. லட்சம் பேரிடம் 'கொஞ்சம் தலையைக் குனிங்க' என்று சொன்னவர், தன் தலையைக் குனியவில்லை. இரண்டு வெள்ளை வில்லைகளுக்குக் கீழே கன்னம் இரண்டும் மெல்லத் துடித்தன. உதடு இறுகியது. இன்னும் இறுகியது. பிறகு மேல்வரிசையில் ஆறு பல் வெளியே வந்தது.

எட்டு. போனைப் பிடித்திராத கை, வாயை மூடுவதற்காக அவசரமாக மேலே கிளம்பி, பாதி தூரத்தில், நாலு விரல் தெரிய வந்துகொண்டிருந்தது. நெஸ்டர் அட்டையை இறக்கிவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினான். ஒன்பதாவது மணி அடித்தது.